விழித்திரை ஒட்டிவிட்டது, பார்வை ஏன் வரவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வலது கண்ணின் ஓரத்தில் திரை தொங்குவது போல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புரையாக இருக்கும் என்று மூன்று வாரம் விட்டுவிட்டோம். போய்க் காட்டியபோது விழித்திரை பிரிந்துவிட்டது என்று சொல்லி, விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) செய்து உள்ளே சிலிகான் ஆயில் வைத்தார்கள். ஆறு வாரம் ஆகிறது. போகும்போதெல்லாம் “ரெட்டினா நன்றாக ஒட்டியிருக்கிறது” என்கிறார்கள். அப்பாவுக்கோ விரலை எண்ணுகிற அளவுதான் தெரிகிறது. பிரஷர் ஏறியிருக்கிறது என்று தனியாக ஒரு சொட்டு மருந்து வேறு. ஆபரேஷனில் ஏதாவது தவறு நடந்ததா? பார்வை வருமா?

பதில்:

உங்கள் டாக்டர் சொல்வதும் அப்பா சொல்வதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். விழித்திரை பழைய இடத்தில் போய் உட்கார்ந்ததா என்று டாக்டர் பார்க்கிறார். எதிரே நிற்பவர் முகம் தெரிகிறதா என்று அப்பா பார்க்கிறார். முதலாவது நடந்த பிறகும் இரண்டாவது நடக்காமல் இருக்க ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் சில தானாகத் தீரும், சில கண்ணாடி மாற்றினால் தீரும், சில இன்னொரு ஆபரேஷன் கேட்கும், சில திரும்பவே திரும்பாது. அப்பாவுக்கு எது என்று பிரித்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் “சைடு எஃபெக்ட்” என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், சரிசெய்யக்கூடியதும் அந்த மூட்டைக்குள்ளேயே போய்விடும்.

விழித்திரை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள சவ்வு. அதன் உள்பக்கத்துக்கு ரத்தம் அதற்குள்ளேயே ஓடும் குழாய்களிலிருந்து வருகிறது. ஒளியைப் பிடிக்கும் செல்கள் இருப்பதோ வெளிப்பக்கத்தில்; அவற்றுக்குச் சாப்பாடு பின்னால் ஒட்டியிருக்கும் கோராய்டு என்ற ரத்தப் படுகையிலிருந்து வர வேண்டும். சவ்வில் கிழிசல் விழுந்து, அதன் வழியே நீர் பின்னால் புகுந்து, சுவரிலிருந்து சுண்ணாம்புப் பூச்சு உரிவது போல விழித்திரை உரிந்தால் முதலில் பட்டினி கிடப்பது இந்தச் செல்கள்தான். ஓரிரு நாளிலேயே அவை சாகத் தொடங்கும். செத்த செல்லை எவ்வளவு நேர்த்தியாகக் கொண்டுபோய் ஒட்டினாலும் அது பிழைக்காது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆபரேஷனைப் பற்றியது அல்ல, அதற்கு முந்தைய நாட்களைப் பற்றியது. விழித்திரையின் நடுப்புள்ளிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்து, முகம், ஊசியில் நூல் எல்லாம் அதன் பொறுப்பு. மாக்குலா உரிவதற்கு முன்பே ஆபரேஷன் நடந்தால் பெரும்பாலானோருக்கு இருந்த பார்வை ஏறத்தாழ நிலைக்கும். இதை “மாக்குலா ஆன்” என்பார்கள். உரிந்த பிறகு என்றால், “மாக்குலா ஆஃப்”, நாள் கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. மூன்று நாளுக்குள் என்றால் நல்லது, ஒரு வாரத்துக்குள் என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் போகப்போக நஷ்டம். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: திரை விழுந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஓரத்தில் திரை மூன்று வாரம் இருந்திருக்கலாம், ஆனால் மாக்குலா உரிந்தது ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்புதானோ என்னவோ. அப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: “அந்தக் கண்ணால் நேராகப் பார்க்கும்போது முகமே மறைந்தது எந்த நாளிலிருந்து?” அந்த நாளிலிருந்து ஆபரேஷன் நாள் வரை எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடையாது.

பிழைத்த செல்கள் தங்கள் ஒளி பிடிக்கும் நுனியை மறுபடி வளர்த்துக்கொள்ளும். அது மெதுவான வேலை. மாக்குலா ஆஃப் ஆன கண்ணில் பார்வை ஒரு வருடம் வரைகூட, சிலருக்கு அதற்குப் பிறகும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆறு வாரத்தில் தீர்ப்பு எழுத முடியாது. ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால் விழித்திரையின் குறுக்குவெட்டில், ஒளி பிடிக்கும் செல்கள் வரிசையாக நிற்கும் இடம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு அறுபடாமல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். நடுவில் அழிந்து போயிருந்தால் டாக்டர் சொல்லத் தயங்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது, ஜெல்லை எடுத்த இடத்தில் விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க வைத்த ஆயில். இதைத் தெளிவாகச் சொல்லாமல் அனுப்பிவிடுவதால் பல வீடுகளில் வீண் கவலை. கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் விட்ரியஸ் ஜெல், ஏறக்குறைய 4 மி.லி., ஒளியை வளைக்கும் அளவு 1.336. சிலிகான் ஆயிலுக்கு அது 1.40. கேட்டால் சின்ன வித்தியாசம்; கண்ணுக்குள் அது பெரிய வித்தியாசம். லென்ஸின் பின்பக்கம் ஆயில் உட்கார்ந்ததும் லென்ஸின் சக்தி குறைந்து, கண்ணுக்கு +5, +6 அளவுக்குத் தூரப்பார்வைப் பவர் வந்துவிடுகிறது. அந்தப் பவர் போடாமல் பலகையைப் படிக்கச் சொன்னால் யாருக்குமே தெரியாது. (ஏற்கெனவே −6 கிட்டப்பார்வை உள்ளவருக்கு இதே ஆயில் பவரை ஏறக்குறைய அடித்து, “கண்ணாடி இல்லாமலேயே தெரிகிறது” என்று சொல்ல வைக்கும். அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; ஆயில் எடுத்ததும் பழைய பவர் திரும்பிவிடும்.)

சோதிக்க எளிய வழி: ஒரு கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, ஆபரேஷன் ஆன கண்ணால் அந்த ஓட்டை வழியாக நல்ல வெளிச்சத்தில் சுவர்க் காலண்டரின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை வழியாகத் தெளிவு கூடினால் குறையில் ஒரு பங்கு பவர் சார்ந்தது. ஆஸ்பத்திரியில் சோதனைச் சட்டத்தில் +5 போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். “விரல் எண்ணுகிற அளவு” என்றிருந்தவர் அதைப் போட்டதும் பலகையில் இரண்டு மூன்று வரி கீழே இறங்குவது உண்டு. அதற்காக இப்போதே விலை உயர்ந்த கண்ணாடி செய்துவிடாதீர்கள். ஆயில் வெளியே வந்ததும் அது பயன்படாது. இரண்டு கண்ணுக்கும் அவ்வளவு பவர் வித்தியாசம் இருந்தால் தலைசுற்றலும் வரும்.

ஆயிலுக்குப் பதில் வாயு வைத்துக்கொண்டவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாயுக் குமிழி கண்ணை நிறைத்திருக்கும்வரை கை அசைவுக்கு மேல் எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. குமிழி கரையக் கரைய அதற்குக் கீழே கண்ணின் சொந்த நீர் ஊறும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேலே மிதக்கும் குமிழி நோயாளிக்குக் கீழே இருப்பது போலத் தெரியும். முதலில் பார்வையின் மேல் விளிம்பில் ஒரு தெளிவான பட்டை வரும். அதன் கீழே ஒரு கோடு, கொத்தனாரின் ரசமட்டத்தில் ஆடுவது போல ஆடும். நாளுக்கு நாள் அந்தக் கோடு இறங்கும். கடைசியில் கீழே ஒரு கறுப்பு உருண்டையாகச் சுருங்கி, சில நேரம் சின்னச் சின்னக் குமிழிகளாக உடைந்து மறையும். வெறும் காற்று என்றால் ஒரு வாரம், எஸ்.எஃப்.6 வாயு என்றால் இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

ரசமட்டக் கோட்டையும் விழித்திரை மறுபடி உரிவதால் வரும் நிழலையும் எப்படிப் பிரிப்பது? தலையைப் பக்கவாட்டில் சாய்க்கச் சொல்லுங்கள். வாயுவின் கோடு எப்போதும் தரைக்குச் சமமாகவே நிற்கும், தலையோடு சாயாது. விழித்திரையின் நிழல் தலையோடு சேர்ந்தே சாயும். சாய்கிற நிழல் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இந்த வாயுக்களில் ஒரு வில்லங்கம் உண்டு. கலக்காமல் அப்படியே செலுத்தினால் எஸ்.எஃப்.6 கண்ணுக்குள் இரண்டு மடங்காகவும் சி3எஃப்8 நாலு மடங்காகவும் விரியும். திசுவில் உள்ள நைட்ரஜன் குமிழிக்குள் புகுவதே காரணம். அதனால் கண்ணை முழுக்க நிரப்பும்போது காற்றோடு கலக்கிறார்கள்: எஸ்.எஃப்.6 ஏறக்குறைய 20 சதவீதம், சி3எஃப்8 ஏறக்குறைய 14 சதவீதம். கலவையில் கணக்குத் தப்பினால் அன்றிரவே அழுத்தம் எகிறும். இதே இயற்பியல்தான் பயணத்திலும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல் இருப்பது போன்றது. கண்ணுக்குள் இருக்கும் குமிழி மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும். விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் ரத்தமே நின்றுவிடலாம். அப்படிப் போன பார்வை திரும்புவது கடினம். விமானத்தில் ஏறக்கூடாது என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள், மலையை மறந்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர் 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கோயம்புத்தூரில் வாயு வைத்துக்கொண்டு மறுநாள் ஊட்டி பஸ்ஸில் ஏறினால் குமிழி நாலில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். மதுரையிலிருந்து கொடைக்கானல், கொழும்பிலிருந்து நுவரெலியா எல்லாம் இதே கதைதான். மலையில் வீடு உள்ளவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். குமிழி கரையும்வரை கீழே தங்குவதா, ஆயில் வைப்பதா என்று அப்போதே முடிவு செய்யலாம். இன்னொன்று: குமிழி உள்ளே இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து தர நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது. அது நிமிடக் கணக்கில் குமிழிக்குள் புகுந்து ஊதிவிடும். ஆயில் வைத்தவர்களுக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. உங்கள் அப்பா தாராளமாக ஊட்டிக்குப் போகலாம்.

அழுத்தம், நீங்கள் “பிரஷர்” என்று சொல்வது. சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை. விழித்திரை ஆபரேஷனுக்குப் பிறகு இது ஏறுவது மிகச் சாதாரணம், ஆனால் எப்போது ஏறுகிறது என்பதை வைத்துத்தான் காரணம் தெரியும். முதல் இரண்டு நாளில் ஏறினால் வாயு விரிந்திருக்கும் அல்லது ஆயில் கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை. அது பலருக்கு ஓரளவு அழுத்தத்தை ஏற்றும், நூறில் நாலைந்து பேருக்கு மிக அதிகமாக ஏற்றும். மருந்தைக் குறைத்தால் அல்லது மாற்றினால் இறங்கிவிடும். மாதங்கள் கழித்து ஏறினால் ஆயில் சின்னத் துளிகளாகப் பொடிந்து, கண்ணின் நீர் வடியும் பாதையை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஆறாவது வாரம், ஸ்டீராய்டு இன்னும் போய்க்கொண்டிருக்கும். “அழுத்தம் ஸ்டீராய்டால் ஏறியதா, ஆயிலால் ஏறியதா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் முதலில் கொடுப்பது அழுத்தத்தை இறக்கும் ஒரே டிமோலால் சொட்டு மருந்தாக இருக்கலாம், ஆனால் வழி வேறு. நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உள்வீக்கம் திரும்பும்.

அழுத்தம் பார்வையைக் கெடுப்பது பெரும்பாலும் விழித்திரையில் அல்ல, பார்வை நரம்பில். ஒட்டிய விழித்திரை நன்றாக இருக்க, நரம்பு வெளுத்துப் போய்ப் பார்வை போன கண்கள் உண்டு. வேகமாக ஏறினால் கண்வலியோடு நெற்றிவலி, வாந்தி வரும். வாந்தி வந்ததும் பித்தம், வெயில் சூடு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து ஓரிரவைக் கடத்துவது நம் வீடுகளில் நடப்பதுதான். விழித்திரை ஆபரேஷன் ஆன ஒருவருக்கு அந்தப் பக்கத்துக் கண்வலியோடு வாந்தி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது கண் அழுத்தம்தான். இரவே போக வேண்டும்.

புரை. விட்ரெக்டமி செய்த, 50 வயது தாண்டிய, சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலானோருக்குப் புரை முற்றும். இதைத் தவறு என்று சொல்ல முடியாது; ஏறக்குறைய உத்தரவாதமான விளைவு. ஜெல் இருந்தவரை லென்ஸுக்குப் போகும் ஆக்ஸிஜனை அது மட்டுப்படுத்தி வைத்திருந்தது; ஜெல் போனதும் ஆக்ஸிஜன் கூடி, லென்ஸின் நடு மஞ்சளித்துக் கெட்டிப்படுகிறது. தூரம் மங்கி, கிட்டத்தில் ஓரளவு தெரிவது அடையாளம். குமிழி இருக்கும்போது மல்லாந்து படுத்தவர்களுக்கு லென்ஸின் பின்புறம் இறகு போல ஒரு மங்கல் வரும். அது பெரும்பாலும் தானே கலையும். அந்தக் கண்ணில் பிற்பாடு புரை எடுப்பது சாதாரணப் புரை ஆபரேஷனைவிடக் கொஞ்சம் சிக்கலானது, பின்னால் தாங்க ஜெல் இல்லாததால் லென்ஸ் பை மேலும் கீழும் ஆடும். அது ஒருபுறம் இருக்க, உங்களுக்கு முக்கியமானது லென்ஸ் பவர் அளப்பது. ஆயில் இருக்கும் கண்ணில் ஒலி அலையால் அளந்தால், ஆயிலில் ஒலி மெதுவாகப் போவதால் (ஜெல்லில் நொடிக்கு 1,532 மீட்டர், ஆயிலில் ஏறக்குறைய 1,000) கண் உள்ளதைவிட நீளமாகக் காட்டும். அந்தக் கணக்கில் லென்ஸ் வைத்தால் பவர் தப்பும். ஒளியால் அளக்கும் கருவியில், ஆயில் கண் என்று குறித்து அளக்கச் சொல்லுங்கள்.

இனி, டாக்டர்கள் எல்லாரும் பயப்படும் விஷயம். விழித்திரைப் பிரிவு ஒரே ஆபரேஷனில் ஒட்டுவது நூறில் 85 முதல் 90 கண்களில். மீதியில் பெரும்பாலும் கெடுப்பது பி.வி.ஆர். என்று சொல்லப்படும் தழும்பு. கிழிசல் வழியாக விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிச் செல்கள் உள்ளே உதிர்ந்து, விழித்திரையின் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு, பாய் நெய்வது போல ஒரு சவ்வை நெய்கின்றன. பிறகு அந்தச் சவ்வு சுருங்குகிறது. தையல் நூலை இழுத்தால் துணி சுருக்கம் விழுவது போல விழித்திரை மடிந்து, பழைய ஓட்டை திறந்து அல்லது புதிய ஓட்டை விழுந்து மறுபடி உரிகிறது. இது பெரும்பாலும் நாலாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் நடுவில் நடக்கும். அதனால்தான் பார்வை நன்றாக வந்துகொண்டிருந்தவருக்கு ஆறாவது, எட்டாவது வாரத்தில் திடீரென்று இறங்குகிறது. பெரிய கிழிசல், பல கிழிசல், கண்ணுக்குள் ரத்தக் கசிவு, தாமதமாக வந்தது, முன்பே ஒரு ஆபரேஷன் தோற்றது, புகைபிடிப்பது எல்லாம் இதன் வாய்ப்பைக் கூட்டும். மூன்று வாரம் உரிந்து கிடந்த கண்ணுக்கு வாயு வைக்காமல் ஆயில் வைத்ததற்குக் காரணம் அநேகமாக இந்தப் பயம்தான்.

ஆயில் வைத்ததால் இது வராது என்று எண்ண வேண்டாம். ஆயில் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். எழுந்து உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் மேல் பாதியை அது நன்றாகத் தாங்கும், அடிப்பாகத்தில் கொஞ்சம் நீர் தங்கிவிடும். தழும்புச் செல்கள் அங்கேதான் போய்ச் சேரும். அதனால் ஆயில் கண்ணில் மறுபடி உரிவது பெரும்பாலும் கீழிருந்து. பிம்பம் தலைகீழ் என்பதால் அப்பாவுக்கு நிழல் மேலிருந்து இறங்கும். தினமும் காலையில் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று, எதிர்ச் சுவரின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்து, மேலே மின்விசிறி தெரிகிறதா, கீழே தரை தெரிகிறதா, இரண்டு பக்கமும் கதவும் ஜன்னலும் தெரிகின்றனவா என்று சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

மல்லாந்து படுக்கக் கூடாது என்பதும் இதே மிதப்பால்தான். மல்லாந்தால் ஆயில் முன்னால் வந்து லென்ஸையும், லென்ஸ் இல்லாத கண் என்றால் கருவிழியையும் தொடும். கருவிழியில் நாள்பட ஆயில் பட்டால் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை படியும். லென்ஸ் இல்லாத கண்ணில் ஆயில் வைக்கும்போது கருந்திரையின் (கண்பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரை, ஐரிஸ்) ஆறு மணிப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டுவார்கள், பின்னால் உள்ள நீர் அந்த வழியாக முன்னால் வந்து ஆயிலைப் பின்னுக்குத் தள்ளட்டும் என்று. இதை 1985-ல் எழுதிய ஜப்பானிய டாக்டர் ஆண்டோவின் பெயரால் சொல்வார்கள். அந்த ஜன்னல் அடைத்துக்கொண்டாலும் அழுத்தம் ஏறும்.

ஒட்டிய விழித்திரையின் நடுவிலேயே வரும் தொல்லைகள் இன்னும் சில உண்டு. ஒன்று, மாக்குலாவில் நீர் கோத்து வீங்குவது. ஒன்றிரண்டு மாதத்தில் தலைகாட்டும். சொட்டு மருந்துக்கோ ஊசிக்கோ பெரும்பாலும் வடியும். இன்னொன்று, மாக்குலாவின் மேல் மெல்லிய சவ்வு படிந்து சுருங்குவது, கோடுகள் வளையும், பார்வையை அதிகம் கெடுத்தால் ஆயில் எடுக்கும்போதே அதை உரித்துவிடலாம். மூன்றாவது அதிகம் பேசப்படாதது: விழித்திரை ஒட்டியிருக்கும், ஆனால் இருந்த இடத்திலிருந்து சற்று நழுவி ஒட்டியிருக்கும். சுவரொட்டியை ஈரத்தில் ஒட்டும்போது அரை அங்குலம் சரிந்து ஒட்டுவது போல. பலகையில் எழுத்து சரியாகப் படிக்கிறவர்கள்கூட “கதவு நிலை கோணுகிறது, அந்தக் கண்ணில் மனிதர்கள் சின்னதாகத் தெரிகிறார்கள்” என்பார்கள். அது பிரமை அல்ல. விழித்திரையில் செல்களின் வரிசை மாறியதால் மூளைக்கு வரும் படம் மாறுகிறது. ஆபரேஷன் முடிந்த உடனே, சிலருக்கு மேஜையிலிருந்து இறங்கியதுமே, குப்புறப் படுக்கச் சொல்வது எஞ்சிய நீர் மாக்குலாவை இழுத்துக்கொண்டு சரியாமல் இருக்கத்தான். மூச்சு முட்டுகிறது, கழுத்து வலிக்கிறது என்று அந்த முதல் சில மணி நேரத்தில் புரண்டுவிட்டால் பிறகு எத்தனை நாள் ஒழுங்காகக் கிடந்தாலும் நழுவியது நழுவியதுதான். கோணலைச் சோதிக்க ஜன்னல் கம்பியோ டைல்ஸ் இடைவெளியோ போதும்: ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து, நேர்க்கோடு எங்கே வளைகிறது என்று குறித்துவைத்தால் டாக்டருக்கும் உதவும். எல்லாம் சரியான பிறகும் ஓரளவு கோணல் பலருக்குத் தங்கிவிடுகிறது.

ஆயிலை எப்போது எடுப்பது? வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். 1,000 சென்டிஸ்டோக் என்று குறிக்கப்படும் இளகிய ஆயில் சீக்கிரம் பொடியும், 5,000 கெட்டியானது, கொஞ்சம் தாமதமாகப் பொடியும். கெட்டியானதை ஏற்றவும் உறிஞ்சவும் நேரம் பிடிக்கும். பொடிந்த ஆயில் துளிகள் கண்ணின் முன்னறையில் மேலே மிதந்து, கறுப்பு விழியின் மேல் விளிம்பில் வெள்ளைப் பிறை போலச் சேரும். சில நேரம் வீட்டில் உள்ளவர்களே வெளிச்சத்தில் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அது தெரிந்தால் எடுக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். எடுப்பதிலும் ஆபத்து உண்டு. தாங்கிப் பிடித்த கை விலகியதும் பத்துப் பேரில் ஒருவருக்காவது மறுபடி உரிகிறது. இதற்கு அஞ்சி, வேறு வழியே இல்லாத கண்களில் ஆயிலை வருடக் கணக்கில் விட்டுவைப்பதும் உண்டு. இன்னும் அரிதாக, விழித்திரை, நரம்பு, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும், ஆயில் உள்ளே இருக்கும்போதோ எடுத்த பிறகோ நடுப்பார்வை விளக்கமில்லாமல் குறைகிறது. காரணம் இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. எடுக்கும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் டாக்டர் வாயால் சொல்லக் கேட்டுக்கொள்வது நல்லது.

கிருமித் தொற்று ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே நடக்கிறது. நடந்தால் மணிக்கணக்கில் கண்ணை அழிக்கும். பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும்: வலி குறைந்துகொண்டே வந்தது திரும்ப ஏறும், இமை வீங்கும், சிவப்பு கூடும், நேற்றுவரை தெரிந்த கை அசைவும் மங்கும். சொட்டு மருந்தால் தீராது. வான்கோமைசின் 1 மி.கி., செப்டாசிடிம் 2.25 மி.கி. என்று கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும். அழுக்குக் கைக்குட்டை, தலைக்குக் குளித்த தண்ணீர், சொட்டு மருந்து பாட்டிலின் நுனி இமையில் படுவது, இவற்றை முதல் வாரம் தவிர்ப்பதே நீங்கள் செய்யக்கூடியது.

சர்க்கரை நோயால் விட்ரெக்டமி செய்தவர்களின் கணக்கே வேறு. அங்கே ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் ரத்தம் மறுபடி கசிந்து பார்வை புகையாவது அடிக்கடி நடக்கும், பல நேரம் சில வாரத்தில் தெளியும். பயப்பட வேண்டியது கருந்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்து அழுத்தம் ஏறுவது. கண்ணைச் சுற்றி வெளியே சிலிகான் பட்டை கட்டிய பக்கிள் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வேறு தொல்லைகள்: கண் நீண்டு −2, −3 கிட்டப்பார்வை வருவது, தசை இழுபட்டு ஒன்று இரண்டாகத் தெரிவது, வருடங்கள் கழித்துப் பட்டை வெளியே தலைகாட்டுவது.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். நீங்கள் சொன்னதில் தவறு நடந்ததற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை. விரல் எண்ணும் பார்வைக்கு, தாமதம், ஆயிலின் பவர், ஆரம்பப் புரை, ஏறிய அழுத்தம் நாலும் சேர்ந்தே காரணமாக இருக்கலாம். முதலாவதால் போனது போனதுதான். மற்ற மூன்றிலும் செய்ய வேலை இருக்கிறது. பழைய 6/6 (முழுப் பார்வை) வரும் என்று காத்திருக்காதீர்கள். வாரக்கணக்கில் மாக்குலா உரிந்து கிடந்த கண் 6/24, 6/36 அளவுக்கு வந்து நின்றால் அதை நல்ல முடிவு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அளவில் ஆள் தெரியும், தட்டில் சோறு தெரியும், படி இறங்கலாம். செய்தித்தாள் அந்தக் கண்ணால் ஆகாது.

அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மாக்குலா ஆஃப் ஆகி எத்தனை நாளில் ஆபரேஷன் நடந்தது, பி.வி.ஆர். இருந்ததா, எந்த அளவு, வைத்த ஆயில் 1,000-ஆ 5,000-ஆ, ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம் எவ்வளவு, பவர் போட்டுப் பார்த்த பார்வை எவ்வளவு, ஓ.சி.டி.யில் மாக்குலாவின் வெள்ளைக் கோடு எப்படி, பார்வை நரம்பு வெளுத்திருக்கிறதா, ஆயில் எடுக்கும் உத்தேச மாதம் எது. இந்த விடைகள் கையில் இருந்தால் வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கவும் சுலபம். இல்லாமல் போனால் அவரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இடது கண்ணை, கண்பாப்பா விரிய மருந்து விட்டு ஓரம் வரை பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணில் விழித்திரை பிரிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மற்றதிலும் பிரிகிறது. கிழிசலோ மெலிந்த இடமோ இருந்தால், உரிவதற்கு முன் லேசரால் சுற்றி அடைப்பது பத்து நிமிட வேலை. தையல் கிடையாது, ஆயில் கிடையாது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கண்ணில் மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிந்தாலோ, கொசுக் கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, இந்தத் தடவை மூன்று வாரம் வேண்டாம், மறுநாள் காலையே போய் நில்லுங்கள்.